மலிவு வீடு, தொலைதூர மருத்துவர்

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் அஹோ என்றொரு சிற்றூர். மக்கள் ஏறத்தாழ 3,000 பேர். செம்புச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. 1985-இல் சுரங்கம் மூடப்பட்டதும் தொழிலாளர்கள் கிளம்ப, அவர்கள் குடியிருந்த வீடுகள் மலிவாக விலைக்கு வந்தன. பணி ஓய்வு பெற்றவர்கள் வந்து வாங்கினார்கள். சந்தடி இல்லாத ஊர்தான். ஆனால், பிழைப்பு போனதால்தான் விலை இறங்கியது. பென்ஷன் வருகிறவருக்கு அது லாபம், சம்பளம் தேடுகிறவருக்கு அல்ல.

வீட்டு விலைக்கு முன்னால் ஊரின் உயரத்தைக் கேளுங்கள் என்பேன். அஹோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 530 மீட்டர். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதே மாநிலத்தின் இன்னொரு பழைய சுரங்க ஊரான பிஸ்பீ 1,600 மீட்டருக்கும் மேலே இருப்பதால் வெயில் அவ்வளவு வாட்டாது. "ஏசி போட்டால் தீர்ந்தது" என்பார்கள். தீரும், வீட்டு விலையில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணம் மாதாமாதம் தின்னும். பிஸ்பீயிலோ மலைச்சரிவில் வீடுகள், எங்கு பார்த்தாலும் படிக்கட்டுகள். முழங்கால் வலிக்காரர்கள் பாவம்! அஹோவிலிருந்து ஃபீனிக்ஸ் மாநகரம் 170 கிலோமீட்டருக்கும் மேல். சிறப்பு மருத்துவரை அடிக்கடி பார்ப்பவர் அந்தத் தூரத்தையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஜனவரியில் எந்தப் பாலைவன ஊரும் சொர்க்கம்தான். முன்பணம் கொடுக்குமுன் ஜூலையில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள்.