பாட்டுக்கு உரியவர் யார்? பங்கு யாருக்கு?



'இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசமா?' இதுதான் இன்றைய கருத்தரங்கின் கேள்வி. அரங்கத்தில் ஒரு பக்கம் பெற்றோர்கள், மறுபக்கம் கல்லூரி மாணவர்கள். பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிறார்கள் என்பது பெற்றோரின் கவலை. கணினியில்தான் எதிர்காலம் இருக்கிறது என்பது பிள்ளைகளின் பதில். இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மாணவரின் கதை இருக்கிறது. அவர் பெயர் ஷான் ஃபேனிங்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980ஆம் ஆண்டு பிறந்தவர். வசதியான குடும்பம் இல்லை. இளவயதில் சில காலம் தாயைப் பிரிந்து, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்க வேண்டிய நிலையும் வந்தது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது தாய்மாமன் ஒரு கணினி வாங்கிக் கொடுத்தார். விளையாட்டில் ஆர்வமாக இருந்த பையன், அன்று முதல் கணினியை விட்டு நகரவில்லை. நிரல் எழுதுவதைத் தானாகவே கற்றுக்கொண்டார்.

1998ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மாணவராகச் சேர்ந்தார். விடுதியில் அறைத் தோழர் ஒருவருக்குப் பாட்டுப் பைத்தியம். இணையத்தில் பாட்டுத் தேடுவார், கிடைக்காது. இணைப்பைத் தட்டினால் பாதி இணைப்புகள் செத்துக் கிடக்கும். தினமும் இதே புலம்பல். அந்தப் புலம்பலுக்கு ஒரு தீர்வு காண வேண்டும் என்று 18 வயது ஷான் நினைத்தார். அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது.

தரகர் செய்யும் வேலை

அந்தக் காலத்துக் கணக்கை இளைஞர்கள் கொஞ்சம் கேட்க வேண்டும். குறுந்தட்டில் உள்ள நான்கு நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 40 மெகாபைட் இடம் பிடிக்கும். தொலைபேசிக் கம்பி வழியாக அதை இறக்க இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வுக்கழகப் பொறியாளர்கள் பெரும்பங்காற்றி உருவாக்கிய எம்பி3 முறை, அதே பாட்டைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. மனிதக் காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும் உத்தி அது. இரண்டு மணி நேர வேலை பத்துப் பதினைந்து நிமிடமாகக் குறைந்தது. பல்கலைக்கழக விடுதியின் அதிவேக இணைப்பில் அது இன்னும் குறைவு.

பாட்டு சுருங்கிவிட்டது. அது யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. ஷான் எழுதிய மென்பொருள் அதைச் செய்தது. வீட்டுத் தரகரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் வீடு இருக்காது. எந்த வீடு எங்கே காலியாக இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் இருக்கும். கேட்பவரையும் கொடுப்பவரையும் சேர்த்து வைப்பார். இந்த மென்பொருளும் அப்படித்தான். பாட்டுகள் பயனாளர்களின் கணினிகளில் இருந்தன. பட்டியல் மட்டும் நிறுவனத்தின் கணினியில் இருந்தது.

அதற்கு 'நாப்ஸ்டர்' என்று பெயர். சுருட்டை முடியைக் கேலி செய்து நண்பர்கள் வைத்த பட்டப்பெயரிலிருந்து வந்தது. 1999 ஜனவரியில் ஷான் முதலாண்டுப் படிப்பைப் பாதியில் விட்டார். ஹல் என்ற கடலோர ஊரில் மாமாவின் அலுவலகத்தில் இரவு பகலாக நிரல் எழுதினார். 1999 ஜூன் மாதம் நாப்ஸ்டர் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் பயணம். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ நகரில் அலுவலகம் திறக்கப்பட்டது. இணையம் வழியாகப் பழக்கமான இன்னொரு இளைஞர் ஷான் பார்க்கரும் கூட இருந்தார்.

பாட்டிலிருந்து அரசியலுக்கு

காட்டுத் தீ போலப் பரவியது நாப்ஸ்டர். விடுதி மாணவர்கள் பாட்டு இறக்கியதில் பல பல்கலைக்கழகங்களின் இணைய இணைப்பே திணறியது. சில பல்கலைக்கழகங்கள் அதைத் தடை செய்தன. 1999 டிசம்பரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குப் போட்டன.

2000 ஏப்ரலில் மெட்டாலிகா இசைக்குழுவும் நீதிமன்றம் சென்றது. 'மிஷன் இம்பாசிபிள் 2' படத்துக்காக அவர்கள் பதிவு செய்த பாட்டு, முழுமை பெறும் முன்பே வானொலியில் ஒலித்தது. எங்கிருந்து கசிந்தது என்று தேடினால் வழி நாப்ஸ்டரில் போய் முடிந்தது. அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக், 2000 மே மாதம் பெட்டி பெட்டியாகக் காகிதங்களை எடுத்துக்கொண்டு சான் மட்டேயோ அலுவலகத்துக்கே போனார். தங்கள் பாட்டைப் பகிர்ந்த மூன்று இலட்சத்து 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பயனாளர் பெயர்கள் அதில் இருந்தன. தன் ரசிகர்களின் பட்டியலைத் தானே கொண்டுபோய் நீட்டிய கலைஞரைப் பலர் திட்டித் தீர்த்தார்கள்.

2000 ஜூலை 11ஆம் தேதி விவகாரம் அமெரிக்க மேலவையின் நீதிக் குழுவுக்கு வந்தது. தலைவர் ஒரின் ஹேட்ச் ஓர் அரசியல்வாதி; பாட்டெழுதும் பழக்கமும் உள்ளவர். அங்கே இரண்டு இசைக்கலைஞர்கள் எதிரெதிராகப் பேசினார்கள். எங்கள் உழைப்பை அனுமதி இல்லாமல் எடுக்கிறார்கள் என்றார் உல்ரிக். 1960களில் புகழ்பெற்ற 'தி பேர்ட்ஸ்' குழுவின் ரோஜர் மெக்வின் வேறு கதை சொன்னார். இசைத்தட்டு நிறுவனங்களிடம் ஆரம்பத்தில் வாங்கிய சிறிய முன்பணத்தைத் தவிர, பெரும்பாலான தட்டுகளுக்கு உரிமைத்தொகை என்று எதையும் பார்க்கவில்லை என்றார்.

நேயர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒருவரிடமிருந்து மாணவர்கள் எடுத்தார்கள். இன்னொருவருக்கு நிறுவனமே தரவில்லை. இரண்டு பக்கமும் இழப்பு, பாடியவருக்குத்தான்.

2000 செப்டம்பரில் எம்டிவி விருது விழா மேடையில், மெட்டாலிகா பெயர் போட்ட சட்டையோடு ஷான் தோன்றினார். அரங்கம் சிரித்தது. அக்டோபரில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. அதே மாதம் யூட்டா மாநிலத்தில் மேலவைக் குழு நடத்திய விசாரணையில் அவரே சாட்சி சொன்னார். விடுதி அறையில் ஒரு நண்பருக்காகத் தொடங்கிய வேலை, இரண்டே ஆண்டுக்குள் சட்டம் இயற்றுபவர்களின் முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

வழக்கில் நாப்ஸ்டர் சொன்ன முக்கியமான வாதம் இது. வீடியோ பதிவுக் கருவியில் திருட்டுப் பதிவும் செய்யலாம். அதற்காகக் கருவி செய்தவரைத் தண்டிக்க முடியாது என்று 1984இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் மென்பொருளும் ஒரு கருவிதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கருவியை விற்ற கடைக்காரருக்கு அதற்குப் பிறகு வீட்டில் நடப்பது தெரியாது. நாப்ஸ்டரின் பட்டியலோ நாள் முழுக்க அதன் கையிலேயே இருந்தது. தெரிந்தும் தடுக்கவில்லை, தடுக்கும் வசதியும் இருந்தது என்பதே 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம். அந்த மாதம் அதன் பயனாளர் எண்ணிக்கை 26 மில்லியனைத் தாண்டியிருந்தது. ஜூலையில் சேவை நின்றது. 2002இல் நிறுவனம் நொடித்துப்போனது.

எழுதியவருக்கு எவ்வளவு?

இனி வருவது பெற்றோரும் மாணவரும் சேர்ந்து கேட்க வேண்டிய பகுதி. நாப்ஸ்டர் நிறுவனம் பதிவானபோது அதன் பங்கில் 70 விழுக்காடு மாமாவின் பெயரில் இருந்தது. நிரலை எழுதிய ஷானுக்கு 30 விழுக்காடு. பெரிய முதலீட்டாளர்கள் வரவர அதுவும் கரைந்தது. எந்த மாமா கணினி வாங்கிக் கொடுத்தாரோ, அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் பாடகருக்கும் நிரல் எழுதிய மாணவருக்கும் ஒரே கதி. உழைத்தவர் ஒருவர், காகிதத்தில் பெரிய பெயர் இன்னொருவருடையது. பாட்டெழுதியவருக்கு என்ன பங்கு என்று கேட்காத மென்பொருளை எழுதியவர், தன் பங்கையும் சரியாகக் கேட்காமல் விட்டார்.

நாப்ஸ்டர் மூடியதும் பழைய காலம் திரும்பவில்லை. இலவசமாகக் கேட்டுப் பழகிய காது பழகியதுதான். அமெரிக்க இசைத்தட்டுத் துறையின் வருமானம் 1999இல் 14.6 பில்லியன் டாலர். 2014இல் சுமார் 6.7 பில்லியன். இடையில் 2003இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டை 99 காசுக்கு விற்கத் தொடங்கியது. 2008இல் ஐரோப்பாவில் ஸ்பாட்டிஃபை வந்தது. நாப்ஸ்டரில் இருந்த ஷான் பார்க்கரே பின்னாளில் அதில் முதலீடு செய்தார். 2013 ஏப்ரலில் அது மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. கேட்பது சட்டப்படி ஆயிற்று. பாடுபவரின் பங்கு என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இத்தகைய சேவைகளில் சந்தாவும் விளம்பரப் பணமும் ஒரே உண்டியலில் விழுகின்றன. மொத்தம் கேட்கப்பட்ட பாட்டுகளில் எவ்வளவு பங்கு யாருடையதோ, அந்த விகிதத்தில் பணம் பிரிகிறது. அதுவும் முதலில் உரிமையாளருக்குப் போகிறது. பாடியவருக்கு அவருடைய ஒப்பந்தம் சொல்லும் அளவே. ஓராண்டில் ஆயிரம் முறைகூட ஒலிக்காத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் காசு இல்லை. கோடிக்கணக்கான ரசிகர்கள் உள்ளவருக்கு இது பெரிய விஷயம் அல்ல. சிறிய மொழியில், சிறிய நாட்டில் பாடுபவருக்குப் பெரிய விஷயம்.

நம் வீட்டுக் கணக்கு

மலேசியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1987 முதல் இருக்கிறது. திருட்டுத் தட்டு அடிக்கும் ஆலைகளைக் கட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டமும் வந்தது. அப்படியிருந்தும் இரவுச் சந்தையில் திருட்டுக் குறுந்தட்டு கூடை கூடையாக விற்ற காலத்தை இங்குள்ள பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பத்துப் படப் பாட்டுகள் ஒரே தட்டில், அதுவும் சில வெள்ளிக்கு. பிள்ளைகள் பதிவிறக்கம் செய்வதைக் கண்டிக்கும் அப்பாவின் காரில், அந்தத் தட்டுதான் சுழன்றுகொண்டிருந்தது. ஆகவே இந்தக் குற்றம் ஒரு தலைமுறைக்கு மட்டும் சொந்தம் இல்லை.

2006ஆம் ஆண்டில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். மலேசியத் தமிழ் இளைஞர்களின் சொல்லிசை கடல் தாண்டிப் போனது. மறு ஆண்டே தமிழகத்தின் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. நம் ஊர்க் கலைஞன் வெளியூரில் கொடிகட்டுவதைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். திருமண விருந்தில் அவர்களைப் பாடச் சொல்கிறோம். அவர்களுடைய பாட்டுக்கு எத்தனை வீடுகளில் ஒரு வெள்ளியாவது கொடுக்கப்பட்டது? நேயர்கள் தங்கள் மனத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

தம்பி தங்கைகளே, ஷான் ஃபேனிங் கெட்டிக்காரர். அதில் சந்தேகம் இல்லை. நண்பனின் சிரமத்தைப் பார்த்து அதற்கு வழி கண்டார். நீங்களும் அப்படிக் காண வேண்டும். ஒரு வேண்டுகோள் மட்டும். நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன், இதனால் யாருடைய உழைப்பு யார் கைக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன், அது சொந்த மாமாவே நீட்டிய காகிதமாக இருந்தாலும், ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை இரவு இரண்டு மணிக்கும் கணினி முன்னால் இருந்தால், என்ன செய்கிறாய் என்று அதட்டுவதோடு நிறுத்தாமல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அவன் யாருக்காக எழுதுகிறான், அவள் எதைக் கட்டுகிறாள் என்று கேளுங்கள். அந்த விடுதி அறையில் 'பாடியவருக்கு என்ன கொடுக்கப் போகிறாய், தம்பி?' என்று கேட்க ஒரு பெரியவர் இருந்திருந்தால், இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

இன்று இரவு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டுக் கேட்பீர்கள். கேளுங்கள். அது நம் ஊர்ப் பாடகரின் பாட்டாக இருந்தால், அவருடைய அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்கிவிடுங்கள். இலவச அழைப்பிதழ் கிடைக்குமா என்று யாரையும் விசாரிக்க வேண்டாம்.