வண்டூர்த் துறையில் ஒரு பாடம்



தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் முதலில் ஊர்ப்பெயரைக் கேட்பார்கள். அடுத்து, ‘பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள்?’ என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் தகுதி நமக்கு உண்டு என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர் வேறு எவ்வாறு எண்ணுவார்? வண்டூரில் அவ்வெண்ணம் சற்று ஆட்டங் கண்டது. அதைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்தோம்.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாறிய தலைநகரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் வண்டூர். 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு இதுவே வாயில். ஜாலி பாய் தீவின் பவளப் பாறைகளைக் காண்பதற்கு இத்துறையிலிருந்துதான் படகு புறப்படும். ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு நாமும் ஒரு நாள் அங்கே காத்திருந்தோம்.

படகுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம், “தண்ணீர் எப்போது ஏறும், தம்பி?” என்று வினவினோம். “இன்னைக்கு ரெண்டரைக்கு ஏறும் சார். நாளைக்கு மூணே கால். அமாவாசை கிட்ட வந்தா இன்னும் மேல வரும்” என்றான். ஏட்டைப் பாராமல், விரலை மடக்காமல் சொன்னான். கையிலிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டோம். பிழை பத்து நிமிடத்துக்குள்தான்.

அன்று மாலை, அவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையின் இல்லத்தில் தேநீர் அருந்தினோம். அவர் நம் இல்லத்தாருக்குத் தூரத்து உறவு. சிறுவனைப் புகழ்ந்தோம். அவர் சிரித்துவிட்டு, திருத்திய தாள் ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். தமிழ்வழி வகுப்புக்கான பயிற்சித் தாள் அது. ‘24 மணி 50 நிமிட காலத்தில் உயர் ஓதம் இருமுறை நிகழுமாயின், அடுத்தடுத்த இரு உயர் ஓதங்களுக்கு இடைப்பட்ட கால அளவு யாது?’ என்பது வினா. அதன் கீழ் அச்சிறுவன் ஒன்றும் எழுதவில்லை. வெற்றிடம், பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழியம்.

நேயர்களே, அந்த வாக்கியத்தை நாம் உடனே அறிந்துகொண்டோம். அது நம் கையால் எழுதியது. ஆங்கில மூலத்தை மேசைமீது வைத்துக்கொண்டு, ‘ஓதம்’ என்ற பழந்தமிழ்ச் சொல் கிடைத்த மகிழ்ச்சியில் நாம் எழுதிய வாக்கியம். நாள்தோறும் ஓதத்திலேயே வாழும் பிள்ளைக்கு அது ஓதம் என்று தெரியாது. அவன் வீட்டில் அது ‘தண்ணி ஏறுறது’, ‘தண்ணி வத்துறது’. பிழையற்ற தமிழில் எழுதினோம். பிள்ளைக்கு அது வேற்று மொழியாயிற்று.

“சொல்லை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?” என்று ஆசிரியையைக் கேட்டோம். “பாதி சரியாகும், ஐயா” என்றார் அவர். சொல்லை விளக்கியபின், ‘அரை நாளுக்குக் கொஞ்சம் மேல’ என்று அச்சிறுவன் வாயால் விடை சொல்லிவிட்டானாம். ஆனால் எழுதச் சொன்னால் கை ஓடவில்லை. இருபத்துநான்கு மணி ஐம்பது நிமிடத்தை இரண்டால் வகுப்பது அவனுக்குக் கடலோடு சேராத தனிக் காரியம். இதற்கு நேர்மாறாக, அதே வகுப்பில் முழு மதிப்பெண் பெற்ற சிறுமி ஒருத்தி இருந்தாள். 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததால் உப்பு நீர் புகுந்து கெட்ட வயல்களுள் அவள் வீட்டு வயலும் ஒன்று. ‘உங்கள் வயலுக்கு நாளை எப்போது தண்ணீர் வரும்?’ என்று கேட்டபோது அவள் விழித்தாளாம்.

இது வண்டூருக்கு மட்டும் உரிய விந்தை அன்று. நம் தீவுக் கப்பல்கள் போய்ச் சேரும் கொல்கத்தாவிலும், தில்லியிலும், சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் அவர்களுடன் உழைத்த அறிஞர்களும் சோதித்தனர். 2025-இல் அம்முடிவு வெளியாயிற்று. வாடிக்கையாளர் போல வந்து வழக்கமில்லாத எடையில் காய்கறி கேட்டால், பிள்ளைகள் மனக்கணக்காகவே சரியான விலை சொன்னார்கள். மீதிச் சில்லறையும் தவறவில்லை. அதே கணக்கைப் பாடநூல் முறையில் தாளில் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ தாளில் தேறி, சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. நடுவில் ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும்.

நம் ஆசிரியை அதைத்தான் செய்தார். ஒரு மாதங்கழித்து மீண்டும் சென்றபோது கண்டோம். கழிமுக ஓரத்தில், ஒரு மாணவன் வீட்டுக்கருகே, மூங்கில் ஒன்றை ஊன்றி அடையாளக் கோடுகள் இட்டிருந்தார். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு பதினான்கு நாட்கள், நீர் உச்சிக்கு வந்த வேளையைக் குறித்தார்கள். முதல் நாள் காலை ஆறு மணி. பதினான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம். ஆக, 650 நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு? வகுப்பு முழுதும் பதினான்கால் வகுத்தது. நாற்பத்தாறு சொச்சம் வந்தது. வெற்றுத்தாள் கொடுத்த அச்சிறுவன் மட்டும் எழுந்தான். “பதினாலு நாள் பார்த்தோம் டீச்சர், ஆனா பதிமூணு தடவைதான் தள்ளிச்சு” என்றான். பதின்மூன்றால் வகுத்தார்கள். ஐம்பது நிமிடம் கிடைத்தது. அதன் பின்னரே ஆசிரியை கரும்பலகையில் ‘ஓதம்’ என்று எழுதினார். சொல் கடைசியில் வந்தது; வந்தபோது அதற்கு உட்கார இடம் இருந்தது.

இம்முறை மேனாட்டிலிருந்து இறக்குமதியானது என்று எவரும் எண்ண வேண்டா. நம் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகினார்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் இவ்வழக்கத்தைக் கண்டு மேற்கொண்டார். 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்று உலகெங்கும் பரவிற்று. நம் காலத்திலும், ரிஷி பள்ளத்தாக்கின் அனுபவத்தைப் பின்பற்றி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர் தமிழகமெங்கும் விரிந்தது. அட்டைகளும் ஏணிப்படி வரைபடமுமாக, ஒவ்வொரு பிள்ளையும் தன் நடையில் முன்னேறலாம் என்பது அதன் நோக்கம். ஆயினும் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கினால், அதுவும் மனப்பாடத்தின் வேறொரு வேடமே ஆகும்.

மனப்பாடத்தை நாம் இகழவில்லை. எண்சுவடி ஒப்பித்த பாட்டனார் பின்னக் கணக்கை வாயால் போட்டது பொய்யன்று. வாய்பாடு தெரியாத பிள்ளை 650-ஐப் பதின்மூன்றால் எப்படி வகுப்பான்? எல்லாப் பாடத்தையும் கழிமுகத்துக்குக் கொண்டுபோகவும் இயலாது. முகலாயப் பேரரசை மூங்கிலில் அளக்க முடியாது.

மும்பையிலோ பெங்களூரிலோ சூரத்திலோ இருந்து கேட்கும் அன்பர்கள், ‘நம் பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறதே, இதனால் நமக்கென்ன?’ எனலாம். இத்தீவுகளில் வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு என்று பல மொழிகள் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. தெருவில் பொதுமொழி இந்தி. பள்ளிப் பாடம் ஒரு மொழியிலும், அப்பா செய்யும் தொழில் மற்றொரு மொழியிலும், பாட்டியின் பேச்சு இன்னொன்றிலுமாக வளரும் பிள்ளைக்கு, அறிந்தவை தனித்தனி அறைகளில் பூட்டிக் கிடக்கின்றன. பள்ளி வேறு மொழியில் இருக்கலாம். அன்று கற்ற பாடத்தைப் பற்றி இரவு உணவின்போது தமிழில் நான்கு கேள்வி கேட்கத் தடையேதும் இல்லை. கடையில் சில்லறை எண்ணும் பிள்ளையிடம், ‘இதையே தாளில் எழுதிக் காட்டு’ என்று கேட்கலாம். நாம் நம் மகளிடம் அவ்வாறு கேட்கத் தொடங்கியது இவ்வாண்டில்தான். பன்னிரண்டு ஆண்டு தாமதம்.

பயிற்சித் தாளைத் திருத்த வேண்டும் என்று அலுவலகத்தில் குறிப்பு எழுதினோம். ‘ஓதம்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லவில்லை. அதற்கு முன்னே ஒரு வரி சேர்க்கச் சொன்னோம்: ‘கடலில் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் ஓதம் என்பர்.’ பிரதிகள் முன்பே அச்சாகிவிட்டன, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று விடை வந்தது. வண்டூரில் ஆசிரியை காத்திருக்கவில்லை. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அந்த வரியைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்துவிட்டார். ஒரு தாளில் மட்டும் அதன் கீழ் பென்சிலால் இன்னொரு வரி இருந்தது: ‘நாளைக்கு நாலு மணி பத்து நிமிஷம்.’