கெல்லி துரையின் கோட்டை

பெம்பானிலிருந்து மலாக்கா நகருக்குப் போகும் நாம், புக்கிட் சீனா அடிவாரத்தில் ராஜா கிணற்றைப் பார்த்திருப்போம். அதன் தண்ணீரைக் குடித்தவர் மறுபடியும் மலாக்காவுக்கு வந்தே தீருவார் என்பது பழைய நம்பிக்கை. அயர்லாந்து நாட்டின் பிளார்னி கோட்டையிலும் இப்படி ஒன்று உண்டு. அதன் உச்சி மதிலில் ஒரு கல் இருக்கிறது. மல்லாந்து படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டு அதை முத்தமிட்டால் பேச்சுத் திறமை வருமாம்!

நம் மக்களின் கைபட்டு எழுந்த ஒரு கோட்டைக்கும் கதை உண்டு. அது பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கு அருகே இருக்கும் கெல்லி கோட்டை.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இளம் வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்ட முதலாளியானார். 1915இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். கட்டுவதற்குச் சென்னையிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

வேலை நடக்கும்போது விஷக் காய்ச்சல் பரவியது. 1918இல் உலகெங்கும் கோடிக்கணக்கானோரைப் பலி கொண்ட அதே காய்ச்சல்தான். தொழிலாளர் பலர் மாண்டனர். மிஞ்சியவர்கள், மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்டார்கள். அவரும் சம்மதித்தார் என்பது செவிவழிச் செய்தி. அக்கோயிலின் கூரைமேல், சாமி சிலைகளுக்கு நடுவே, தொப்பியணிந்த துரை ஒருவரின் சிலையும் நிற்கிறது. நன்றியோடு தொழிலாளர்கள் வைத்தது என்பார்கள்.

துரை 1926இல் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. காடு மூடியது, கதைகள் வளர்ந்தன. சுரங்கப் பாதை என்றார்கள், ரகசிய அறை என்றார்கள், இரவில் துரையின் ஆவி நடமாடுகிறது என்றார்கள்.

இக்கதையை நம் பிள்ளைகளிடம் சொன்னால், ஆவியைப் பற்றித்தான் ஆவலோடு கேட்கிறார்கள். ஒரு சிறுமி மட்டும், "சார், காய்ச்சல்ல செத்தவங்க பேரு என்ன?" என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. துரையின் பெயர் கோட்டைக்கு இருக்கிறது. செங்கல் சுமந்தவர்களின் பெயர் கதையில் வருவதில்லை.

பெற்றோர்களே, நம் வீட்டிலும் பாட்டன் பூட்டன் கதை உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தார், முதலில் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிபோனாலும் அந்த நோட்டு நம்மோடு வரும்.