உவா நாளும் கடலோதமும்



பல்லாண்டுகட்கு முன் என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் சொல்லிவிடுகின்றேன். நிலவைக் கண்டு கடல் பொங்குவதாகப் பாடும் புலவர் மரபை விளக்கிக்கொண்டிருந்தேன். மீனவர் குடியில் பிறந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா! நிலவே தோன்றாத இருள்நாளிலும் எங்கள் கரையில் நீர் மிகுதியாக ஏறுகின்றதே, அஃது எவ்வாறு?" என வினவினான். 'பாட்டைக் கவனி' என்று அவனை அமரச் செய்துவிட்டேன். அவன் அமர்ந்தான், என் நெஞ்சம் அமரவில்லை. அன்று நான் சொல்லத் தவறிய விடையே இவ்வுரை.

அலை காற்றால் எழுவது. ஓதமோ கடல்நீர் பெருமளவில் ஏறி இறங்குவது; நிலவின் ஈர்ப்பே அதனை முதன்மையாக எழுப்புகின்றது. தொலைவு கூடக்கூட ஈர்ப்புக் குறையும். எனவே, நிலவை நோக்கிய பக்கத்து நீர், ஞாலத்தின் நடுவினும் மிகுதியாக இழுக்கப்பட்டுப் புடைக்கின்றது. மறுபக்கத்து நீர், ஞாலத்தின் நடுவினும் குறைவாக இழுக்கப்படுதலால் பின்தங்கி, ஆங்கும் புடைக்கின்றது. ஞாலம் சுழலுங்கால் இவ்விரு புடைப்புகளையும் கடப்பதால், பெரும்பாலான கரைகளில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறுகின்றது. நிலவும் நாள்தோறும் தன் வழியில் நகர்வதால், ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமையம் இடைவெளி உண்டு.

ஞாயிற்றின் பங்கு என்ன? அதன் பொருண்மை நிலவினதைப் போல் ஏறத்தாழ 2 கோடியே 70 இலக்கம் மடங்கு. ஆயினும், நிலவின் நிரவல் தொலைவு 3,84,400 கி.மீ.; ஞாயிற்றின் தொலைவோ ஏறத்தாழ 15 கோடி கி.மீ. அத்துணைத் தொலைவிலிருந்து இழுக்குங்கால், ஞாலத்தின் இரு பக்கங்களுக்கிடையே ஈர்ப்பு வேறுபாடு மிகச் சிறிதே. ஆதலின், ஓதம் எழுப்பும் ஆற்றலில் ஞாயிறு நிலவின் பாதிக்கும் சற்றுக் குறைவே. இவ்வீர்ப்பு நெறியால் ஓதத்தை விளக்கியவர் நியூட்டன், ஆண்டு 1687.

இனி மாணவனின் வினாவிற்கு வருவோம். இருள்நாளில் நிலவு இல்லாமற் போவதில்லை. ஞாயிறு நிற்கும் திசையிலேயே நின்று, பகலொளியில் மறைந்துள்ளது. முழுநிலா நாளில் எதிர்த்திசையில் நிற்கின்றது. இருநாளிலும் மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைய, இரண்டின் ஆற்றலும் கூடுகின்றது. அந்நாளிலோ அடுத்த ஓரிரு நாளிலோ ஓதம் உயர்கின்றது. அரைநிலா நாள்களில் இரண்டும் செங்கோணத்தில் நிற்பதால் ஓதம் தாழ்கின்றது. கரையின் அமைப்பும் அளவை மாற்றும்: சென்னையில் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர், கனடாவின் பண்டி வளைகுடாவிலோ 16 மீட்டர் வரை.

பெருமக்களே! அமாவாசை, பௌர்ணமி என்று இரு வேறு சொற்களால் நாம் பிரித்துரைக்கும் இரண்டையும் தமிழ் 'உவா' என்னும் ஒரே சொல்லால் குறித்தது: காருவா, வெள்ளுவா. நம் முன்னோர் ஈர்ப்பு நெறியை அறிந்திருந்தனர் என்று நான் சொல்ல வரவில்லை, அது பொய்ப்பெருமை. ஆனால் அச்சொல்லை நான் மறவாதிருந்திருந்தால், அம்மாணவனின் கேள்வியில் பொருளுண்டென்று அன்றே உணர்ந்திருப்பேன்.

சொல்லையும் காப்போம், அதன் பொருளை அறிவியலால் தெளிந்து, தமிழிலேயே நம் பிள்ளைகட்குக் கற்பிப்போம். வினவும் பிள்ளையை இனி அமரச் செய்யாதிருப்போம்.