ஓரெழுத்து ஓடிய கதை



1913ஆம் ஆண்டில் நியூயோர்க் பத்திரிகையொன்றிலே ஆர்தர் வின் தொடக்கிவைத்த குறுக்கெழுத்துப் புதிர், பின்னர் இங்கிலாந்து சென்று சூது கற்றது. குறிப்புச் சொல்வது ஒன்று; கருதுவது வேறொன்று. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிய காளமேகப் புலவரை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

மிஷன் பாடசாலையில் ஆங்கிலப் புதிர்களிற் பழகிய நாம், தமிழ்ப் புதிரொன்றில் இடறினோம்.

"வித்தையோடு பழனியில் நிற்பவன் சேர ஓரூர், கட்டம் ஐந்து."

வித்தை, சித்து; பழனியில் நிற்பவன், ஆண்டி. எண்ணினால் எழுத்து ஆறு! ஆங்கிலத்திற் காரும் பெட்டும் சேர்ந்து கார்பெட் ஆகும், ஓரெழுத்தும் குறையாது. ஆகவே புதிரே பிழையென்று தாளை மடித்தோம்.

அருகிருந்த பெரியவர் குறுக்கெழுத்துக் கட்டத்தையே முன்பு கண்டறியாதவர். சிரித்தார்.

"என்ன தம்பி, நன்னூல் படிக்கல்லையா? சித்து, குற்றியலுகரம். உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும். தகரத்தில் ஆகாரம் ஏறும்."

சித்தாண்டி! சொந்த ஊரின் பெயரையே எண்ணத் தெரியாமல் நின்றோம்.

அவர் விடவில்லை. "வடமோடியோடு ஒரு மாதம் கூடினால் களரியேறுவான், கட்டம் நான்கு" என்றார்.

கூத்து, ஆடி. இம்முறை உகரத்தை நாமே ஓட்டினோம்: கூத்தாடி.