பட்டம் எடுத்த பிள்ளைக்குத் துணை யார்?

(கொட்டகலையில் பெற்றோர் மத்தியில் ஆற்றிய உரை)



நம் லயங்களிலிருந்து பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். சந்தோஷம். ஆனால் ஒரே பட்டம் எடுத்த இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஏன்?

உயர்தரப் பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்த வேண்டும். படித்த பெற்றோர் அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் தனியாகத் தடுமாறுகிறார்கள். பட்டம் எடுத்த பிறகும் அப்படித்தான். எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது, நேர்முகப் பரீட்சையில் எப்படிப் பேசுவது என்று சொல்ல ஆளில்லை. வீட்டுக் கடன் நெருக்கும்போது, முதலில் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இது தோட்டத்தில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டது. தாயோ தகப்பனோ பட்டதாரியாக இருந்த பட்டதாரிகளின் இடைநிலைக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 135,800 டொலர். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 99,600 டொலர்தான். பணக்கார நாட்டிலேயே இந்த நிலைமை.

இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள்.

இனி என்ன செய்யலாம்?

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறுவேறாக இருந்தால், பெறுபேறு வரும்முன் திருத்திக்கொள்ளுங்கள். மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் திகதியைக் கேட்டு வையுங்கள். பட்டம் எடுத்த பிள்ளை நல்ல வேலை தேடச் சில மாதம் கேட்டால், முடிந்தவரை பொறுத்திருங்கள். "சும்மா இருக்கிறாயே" என்ற ஒரு சொல் போதும், அந்தப் பிள்ளை கொழும்புக் கடையொன்றில் போய் நின்றுவிடும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாரே, உங்கள் தோட்டத்துப் பட்டதாரிகளின் பெயர்களையும் உயர்தரம் எழுதும் பிள்ளைகளின் பெயர்களையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். பெறுபேறு வந்த வாரத்தில் இரு தரப்பையும் சங்கக் காரியாலயத்தில் உட்கார வையுங்கள். பட்டதாரித் தம்பி தங்கைகளே, விடுமுறைக்கு வரும்போது ஒரு பிற்பகலை அதற்குத் தாருங்கள்.

சம்பளத்தைத் தனித்தனியாகப் போய்க் கேட்டு நாம் வாங்கவில்லை. இந்தக் காரியத்தையும் பிள்ளைகளிடம் தனியே விட்டுவிட வேண்டாம்.