மே ஃபிளவர் டிசம்பர்ல பூக்குற ஊர்

டிசம்பர் லீவுக்கு எந்தத் தீவுக்குப் போகலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் போன டிசம்பர்ல போனது மொரீஷியஸ். கூட வந்தது ஃப்ரெண்ட்ஸ் இல்ல, அம்மா.

அந்த ஆகஸ்ட்லதான் அப்பா தவறிட்டார். அதுக்கப்புறம் ஒரு வருஷம் வீட்ல பண்டிகை கிடையாது. தீபாவளி அன்னைக்குத் தெரு முழுக்க வெடிச் சத்தம். பக்கத்து வீட்ல இருந்து பலகாரம் வந்துச்சு, ஆனா யாரும் வாழ்த்து சொல்லல. அதுதான் முறை, மரியாதைக்காகத்தான் சொல்லாம இருக்காங்க. ஆனா அந்த மரியாதை ஒரு மனுஷியை எவ்வளவு தனியாக்கும்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். அடுத்து நியூ இயர், பொங்கல்னு வரிசையா வருது.

நான் டிக்கெட் பார்க்கிறது தெரிஞ்சதும் அத்தை போன் பண்ணாங்க. "துக்க வருஷத்துல ஊர் சுத்தப் போறீங்களா? நாலு பேர் என்ன பேசுவாங்க?" அத்தை கெட்டவங்க இல்ல. அவங்க பறிகொடுத்தது கூடப்பிறந்த அண்ணனை. அம்மா உடனே "நான் வரலடி"ன்னுட்டாங்க. நாலு நாள் கழிச்சு அவங்களே கேட்டாங்க: "அங்க யாருக்கும் நம்மளத் தெரியாதுல்ல?" தெரியாதும்மான்னேன். அப்புறம்தான் பரண்ல இருந்து பெட்டியை இறக்கினாங்க.

மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கு. அதனால கிறிஸ்துமஸ் அங்க நல்ல வெயில் காலம். நம்ம ஊர்ல மே மாசம் சிவப்பா பூக்குற மே ஃபிளவர் மரம் அங்க டிசம்பர்ல பூத்துக் கொட்டுது. ரோட்டோரமெல்லாம் கொத்துக் கொத்தா லிச்சி. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் சீசனும்கூட, அதனால தேதி மாத்த முடியிற டிக்கெட்டா வாங்கிக்கோங்க.

ஏர்போர்ட்லயே அம்மா நின்னுட்டாங்க. கையில மொரீஷியஸ் ரூபாய் நோட்டு. அதுல தமிழ் எழுத்து, தமிழ் எண்! இங்கிலீஷ், தமிழ், இந்தின்னு வரிசை. 1998-ல வந்த நோட்டுகள்ல தமிழை இந்திக்குக் கீழே இறக்கிட்டாங்க. அங்கிருக்கிற தமிழர்கள் எதிர்த்ததால அந்த நோட்டுகளைத் திரும்ப எடுத்துட்டு, பழைய வரிசையிலேயே புதுசா அச்சடிச்சாங்க. இத்தனைக்கும் அவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்ல பேசுறது கிரியோல்.

நாங்க தங்கின வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான். தமிழ் வம்சாவளி, ஆனா தமிழ் பேசத் தெரியாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தகராறு. ரெண்டு பேரும் போர்ட் லூயிஸ் மார்க்கெட்டுக்குப் போனாங்க, நான் பை தூக்கிட்டுப் பின்னாடி. அந்தம்மா ஒரு கீரைக் கட்டை எடுத்து "ப்ரேட் முரூம்"னாங்க. முருங்கைக்கீரை! அடுத்து "பிப்பாங்காய்". பீர்க்கங்காய்! அப்புறம் "கரிபூலே"ன்னதும் அம்மா சிரிச்சிட்டாங்க. கறிவேப்பிலை. ஆகஸ்டுக்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்ல.

மார்க்கெட்டுக்குப் பக்கத்துலதான் ஆப்ரவாசி காட். 1834-ல இருந்து 1920 வரைக்கும் இந்தியாவுல இருந்து கிட்டத்தட்ட 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பல்ல வந்து இறங்கினாங்க, நிறைய பேர் கரும்புத் தோட்டத்துக்குப் போனாங்க. அந்தக் கல் படியில நின்னு அம்மா சொன்னது: "இவங்கள்லயும் எத்தனை பேர் தாலி அறுத்துட்டு வந்திருப்பாங்க. வந்தும் பொங்கித்தானே தின்னாகணும்."

டிசம்பர் 31 ராத்திரி பன்னெண்டு மணிக்கு அங்கேயும் சரவெடி. தீபாவளி மாதிரியே. அய்யோ, எதுல இருந்து தப்பிச்சு வந்தோமோ அதுவேன்னு நினைச்சேன். காலையில வீட்டுக்காரம்மா வந்து அம்மா கையைப் பிடிச்சு "போனானே!"ன்னாங்க. புத்தாண்டு வாழ்த்து. அவங்களுக்கு எங்க வீட்டு விஷயம் தெரியாது. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா என் கையை அமுக்கினாங்க. நிதானமா "போனானே"ன்னு திருப்பிச் சொன்னாங்க. அஞ்சு மாசத்துல அம்மாவுக்கு ஒருத்தர் சொன்ன முதல் வாழ்த்து அதுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மாவே அத்தைக்கு வீடியோ கால் போட்டாங்க. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அம்மா அடுப்படியில இருந்த முருங்கைக்கீரையைக் காட்டினாங்க. அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அண்ணனுக்குப் பிடிக்குமே. ஒரு கட்டு எவ்வளவு அண்ணி?"ன்னாங்க. அரை மணி நேரம் ரெண்டு பேரும் அப்பாவைப் பத்தித்தான் பேசினாங்க.

தீவுக்குப் போனா துக்கம் போயிடும்னு நான் சொல்லல. திரும்பி வந்ததும் பொங்கல் வந்துச்சு, வாசல்ல கோலம் இல்லதான். முறையை மீறச் சொல்லவும் வரல. ஆனா உங்க தெருவுலயோ ஃப்ரெண்ட் வீட்லயோ இப்படி ஒரு வருஷம் நடந்துட்டு இருந்தா, பண்டிகை அன்னைக்குப் பலகாரத்தைக் கொடுத்துட்டுச் சட்டுனு திரும்பாதீங்க. வாழ்த்து சொல்ல வேணாம். உள்ள போய் பத்து நிமிஷம் உட்காருங்க. கீரை என்ன விலைன்னாவது கேளுங்க.